பச்சை காட்டிய தொட்டிகள்

மாதையன் இறந்த செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது மொரப்பூரில் ரயிலுக்காக நின்றிருந்தேன். அடுத்த நிமிடமே இன்னொன்று: "சார், இரங்கல் கூட்டத்துல நீங்கதான் பேசோணும்." ரயில் வந்தது. ஏறாமல் நடைமேடையில் மேலும் கீழும் நடந்தேன். அவருக்கு முகம் கொடுக்காத என்னிடம்தான் கேட்கிறார்கள்.

கூட்டத்துக்கு நான் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்த உங்களிடம் பூசி மெழுக முடியாது.

நகராட்சிக் குப்பைத் தொட்டிகளில் சென்சார் பொருத்திய காலம். இருவரும் பொறியாளர்கள், பதவியில் அவர் மேலே, படிப்பில் நான் மேலே. நிரம்பிய தொட்டி என் திரையில் சிவப்பாகும், காலியானது பச்சை. சிவப்புக்கு வண்டி அனுப்புவது என் வேலை. ஒருநாள் அவர் என் பின்னால் வந்து நின்றார்.

"எப்பவும் பச்சையா இருக்குது பாருங்க, அங்கதான் மொதல்ல வண்டி போவோணும்."

"காலித் தொட்டியில என்னத்தங்க அள்ளறது?"

"தெருவுல ஜனம் இருக்குது, குப்ப மட்டும் இல்லியா? வாங்க, பாத்துட்டு வரலாம்."

போனோம். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்துக்கு அப்பால் தொட்டி தனியாக நின்றது. யாராலும் நெருங்க முடியவில்லை. குப்பையெல்லாம் சாக்கடையில், சாக்கடை நீர் வீடுகளுக்குள். வாளியால் இறைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். "உங்க பொட்டி சுத்தமாத்தான் இருக்குதுங்க. எங்க வூட்டத்தான் கொஞ்சம் பாருங்க." மாதையன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று முதல் பச்சைத் தொட்டிகளுக்கும் வண்டி அனுப்பினேன். டீசல் செலவு ஏறியது. விசாரிக்க வந்த மேலதிகாரி, "காலித் தொட்டிக்கு வண்டி அனுப்பினது யாரு?" என்றார். மாதையன் என்னைக் காட்டினார். "இவருதாங்க. ஆனா அனுப்பினது சரிதாங்க." இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை. தான் சொல்லித்தான் நான் அனுப்பினேன் என்பதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. என்னை வரிப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள்.

பின்னொரு நாள் டீக்கடையில், ஏன் அதைச் சொல்லவில்லை என்று நேராகவே கேட்டேன். "உங்களோட நானும் மாத்தலாகிப் போயிருந்தா, அந்தத் தெருவுகளுக்கு வண்டி நின்னுருக்குமுங்க" என்றார். உண்மைதான். வண்டிகள் நிற்கவில்லை. அந்த உண்மையால் என் கோபம் ஆறவும் இல்லை, இன்றும் ஆறவில்லை.

அவரால் எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்: புகாரே வராத தெரு என்றால் நாற்காலியில் இருப்புக் கொள்ளாது. நீங்கள் கூட்டம் நடத்திய மாலை, அப்படி ஒரு தெருவுக்குப் போய்விட்டேன். குப்பை வண்டி அங்கே எட்டிப் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. சொல்லிச் சொல்லி அலுத்து, சொல்வதையே விட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். "நாங்க மனு ஒண்ணும் குடுக்கலீங்களே. யாரு உங்கள அனுப்பிச்சது?"

மாதையன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"நானாத்தான் வந்தேனுங்க" என்றேன்.