வெளிப்பக்கத்துக் கோடு

வாவியோர ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓட்டமாவடிப் புடவை வியாபாரி, எதையும் முகர்ந்து பார்க்காமல் தொடமாட்டார். தேநீர்க் கோப்பையை முகர்வார், தலையணையை முகர்வார். வார்டில் எல்லோரும் அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றே அழைத்தார்கள். இருவருக்கும் மறுநாள் குடலிறக்க ஒப்பரேஷன்.

மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுவிடத் தொண்டைக்குள் வைக்கும் குழாய் புதிதல்ல என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் விடாமல் கேட்கவே, தாதி ஒரு பொதியைக் கொண்டுவந்து காட்டினார்.

“கழுவி, பொதி செஞ்சி, நீராவியில அவிச்சது காக்கா. மேல ஒட்டின டேப்பில கோடு சூட்டுக்குக் கறுத்திருக்கு, பாருங்க.”

“அவிக்கிறதுக்கு இதென்ன மிஸி, புட்டா? கோடு ஆரும் கீறலாம்.” என்னிடம் திரும்பினார். “சேர், நீங்க படிச்ச ஆள். நம்பலாமா?”

நான் இரசாயனம் கற்பித்தவன். எனக்கும் சந்தேகம் இருந்தது. அதைவிட, தெரிந்ததைக் காட்டும் ஆசை இருந்தது.

“அந்தக் கோடு வெளிப்பக்கம் சூடானதுக்குத்தான் சாட்சி. உள்ளுக்குள்ள என்னெண்டு சொல்லாது,” என்றேன்.

அவர் பொதியை ஒருமுறை முகர்ந்தார். அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு எழுந்தார்.

“அப்ப நான் வாறன் சேர்.”

தாதி பின்னாலேயே போய் மறித்தும் அவர் நிற்கவில்லை. தாதி மட்டும் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “பொதிக்கு உள்ளுக்கும் ஒரு காகிதத் துண்டு வெச்சிருக்கு சேர். அதுவும் நிறம் மாறினாத்தான் பாவிப்பம். என்னிட்டக் கேட்டிருக்கலாமே.”

மறுநாள் அந்தக் குழாய் என் தொண்டைக்குள் போய் வந்தது. ஒன்றும் ஆகவில்லை.

அவருக்கு என்ன ஆனதென்று தெரியாது. ஓட்டமாவடியில் பஸ் நிற்கும்போதெல்லாம் தேநீர்க் கடைகளைப் பார்க்கிறேன், கோப்பையை முகர்ந்துவிட்டுக் குடிக்கும் ஒருவர் இருக்கிறாரா என்று.