பூட்டு டிஸ்க்

1. போன்

"தம்பி, கம்ப்யூட்டர் போச்சு," என்றார் டாக்டர். காலை ஒன்பதரை மணி. சேலத்தில் என் கம்ப்யூட்டர் கடையைத் திறந்து ஊதுவத்திகூட ஏற்றவில்லை.

என்ன தெரிகிறது என்று கேட்டேன். திரை கறுப்பாக இருக்கிறது, வெள்ளை எழுத்து சரசரவென்று ஓடி நின்றுவிட்டது, விண்டோஸ் வரவே இல்லை என்றார். கம்பெனிக்காரன் கொடுத்த ரெக்கவரி சிடி கையில்தான் இருக்கிறது, அதைப் போட்டுவிடவா என்றும் கேட்டார். அந்த சிடி ஹார்டு டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புது விண்டோஸ் போடும். நடுவில் ஒரு கேள்வி கேட்காது.

"ஐயா, ஒண்ணும் தொடாதீங்க. நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

2. பத்து நாளுக்கு முன்னால்

இது தொண்ணூற்றொன்பதில் நடந்தது. ஏற்காட்டில் அந்த டாக்டர் ஒரு சின்ன டிஸ்பென்சரி நடத்திவந்தார். காசநோய்க்காரர்களுக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுக்கும் இடம். மாரமங்கலம், கரடியூர் என்று மலை முழுக்க இருந்து ஆட்கள் வருவார்கள். யாருக்கு எந்த மாத்திரை, எத்தனையாவது மாதம், அடுத்து என்றைக்கு வரவேண்டும், எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான். அதை டைப் அடித்து வைத்திருந்தவர் சரசு. மாரமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண், முப்பது வயசிருக்கும்.

டாக்டருடைய அக்கா மகன் பெங்களூரில் வேலை. மாதம் ஒருமுறை வருவான். அவனுக்கு அந்த மெஷினில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் என்கிற இன்னொரு ஓ.எஸ்.ஸும் வேண்டும், டிஸ்பென்சரிக்குப் புது புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று மாமாவிடம் சொல்லியிருந்தான். "அதையும் போடுங்க, இருக்கிறதும் இருக்கணும்," என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார்.

அன்று முழுக்க சரசு என் முதுகுக்குப் பின்னால் நின்றார். டீ குடிக்கக்கூட நகரவில்லை. "ஏனுங்ணா, உள்ளார இருக்கற பேரெல்லாம் போயிராதுங்களே?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார். நாலாவது தடவை எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் பயந்ததில் தப்பில்லை. அதற்கு முந்தின வருஷம் ஒரு அச்சகத்தில் நான் லினக்ஸ் போட்டபோது, மெஷினைப் போட்டதும் லினக்ஸைக் கிளப்பிவிடுகிற லிலோ என்கிற பூட் லோடரை டிஸ்க்கின் முதல் செக்டாரில் எழுதித் தொலைத்தேன். விண்டோஸைக் கூப்பிடுகிற வேலை அந்த செக்டாருடையது. மெஷின் விண்டோஸை மறந்தே போனது. அச்சக முதலாளி என்னைத் திட்டிய திட்டில் பாதி வார்த்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அதிலிருந்து ஒரு வைராக்கியம். முதல் செக்டார்தான் வாசலில் இருக்கிற வாட்ச்மேன், அவனை மாற்றக் கூடாது. முதலில் சரசு அடித்ததையெல்லாம் பிளாப்பிகளில் காப்பி எடுத்தேன். அதை மலைபோல் நம்ப முடியாது. ஏற்காட்டு ஈரத்துக்கு பிளாப்பிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். பிறகு டிஸ்க்கில் சிதறிக் கிடந்ததை டிஃப்ராக் செய்து ஒரு பக்கமாக ஒதுக்கி, ஃபிப்ஸ் என்கிற புரோகிராமால் காலி இடத்தைத் தனியாகப் பிரித்து, அதில் லினக்ஸை இறக்கினேன். லிலோவை எங்கே எழுதட்டும் என்று கேட்டது. பிளாப்பியில் எழுது என்றேன். முதல் செக்டார் இருந்தது இருந்தபடியே இருந்தது, அதைத் தொடவே இல்லை.

கிளம்புகிற அவசரம். கடைசி பஸ்ஸை விட்டால் குளிரில் நடுங்க வேண்டும். பிளாப்பியின் லேபிளில் 'பூட்' என்று எழுதி சரசுவிடம் கொடுத்தேன். "இது பூட் டிஸ்க். உள்ள வெச்சுப் போட்டா உங்க விண்டோஸ் வராது, பேரும் பாஸ்வேர்டும் கேக்கும். எடுத்துட்டுப் போட்டா எப்பவும் போல வரும். அவ்வளவுதான்."

சரசு முகம் மலர்ந்துவிட்டது. "நொம்ப நல்லதுங்ணா," என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு பிளாப்பிக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன். யோசிக்க நேரமில்லை.

3. இருபது வளைவு

பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திரும்பத் திரும்ப எனக்கு ஒரே எண்ணம். ஃபிப்ஸ் சொதப்பிவிட்டது. டிஸ்க்கை எங்கே பிரித்தோம் என்கிற பார்ட்டிஷன் டேபிள் போச்சு. பத்து நாள் தாக்குப்பிடித்து இன்றைக்குக் கழன்றுகொண்டது. டிரைவில் பிளாப்பி ஏதும் இருக்கிறதா, கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று டாக்டரிடம் போனிலேயே கேட்டிருக்கலாம். முதல் மாதம் வேலைக்கு வந்தவன்கூடக் கேட்பான். என் தப்பாகத்தான் இருக்கும் என்ற பயத்தில் எனக்கு மூளை ஓடவில்லை.

டிஸ்பென்சரி வாசலில் இருபது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரை நாள். சரசு இன்னும் வராததால் டாக்டரே மெஷினைப் போட்டிருக்கிறார். லிஸ்ட் இல்லாமல் யாருக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் டாக்டர் உள்ளே நடந்துகொண்டிருந்தார். ஒரு பெரியவர் துண்டால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே, "மத்தியான பஸ்ஸு போயிருச்சுன்னா நடந்துதானுங்க போவோணும்," என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா தெரியாது. எனக்குச் சுருக்கென்று இருந்தது.

மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் 'லாகின்' என்று கேட்டுக்கொண்டிருந்தது. அட, லினக்ஸ்! குனிந்து பார்ப்பதற்குள் வாசலில் சத்தம். மாரமங்கலம் பஸ் வழியில் நின்றுபோய், ஒரு எஸ்டேட் ஜீப்பில் தொற்றிக்கொண்டு சரசு வந்து சேர்ந்திருந்தார்.

"ஏனுங்ணா, பூட்டத் தொறக்காமயா போட்டீங்க?" என்று சொல்லிக்கொண்டே வந்து, சாவியை உருவுகிற மாதிரி பிளாப்பியை உருவினார். மறுகையால் ரீஸ்டார்ட் பட்டனுக்குப் போனார்.

அப்போதுதான் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "அந்த சிடி உள்ளேதான் இருக்கு. நீங்க சொன்னப்புறமும் மனசு கேக்கல தம்பி. மூணு தடவை போட்டுப் பாத்தேன், அதுவும் வேலை செய்யல."

சரசுவின் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. அந்த மெஷின் முதலில் பிளாப்பியைப் பார்க்கும், அடுத்து சிடியை, கடைசியில்தான் ஹார்டு டிஸ்க்கை. பிளாப்பி உள்ளே இருந்ததால் மூன்று தடவையும் சிடிக்கு முறை வரவில்லை. இப்போது பிளாப்பி வெளியே. பட்டன் அழுந்தியிருந்தால் வாசலில் இருந்தவர்களின் பேர் அத்தனையும் துடைத்துப் போயிருக்கும்.

சிடியை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு ரீஸ்டார்ட். விண்டோஸ் வந்தது. சரசு உட்கார்ந்து முதல் பேரைக் கூப்பிட்டார். டாக்டர் யாரையும் பார்க்காமல் மாத்திரை அலமாரியைத் திறந்தார்.

4. ஒரு எழுத்து

கூட்டம் கலைந்த பிறகு, பிளாப்பியை எதற்கு உள்ளே வைத்தீர்கள் என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன்.

"நீங்கதானுங்களே பூட்டு டிஸ்க்குன்னீங்க. தெனமும் சாயந்தரம் ஆப் பண்ணிட்டு, பூட்டிட்டுத்தானுங்க போறேன். காலைல வந்து தொறந்துக்குவேன்."

சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன். சரசு சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னார். போன வருஷம் அவர் கிளம்பிப் போன பிறகு யாரோ இந்த மெஷினைப் போட்டு லிஸ்ட்டைப் படித்திருக்கிறார்கள். மாரமங்கலத்துப் பெண் ஒருத்தியின் பேர் அதில் இருந்தது என்று ஊருக்குள் சொல்லிவிட்டார்கள்.

"சீக்கு நல்லாவே ஆயிருச்சுங்ணா. மாத்திரையெல்லாம் முடிச்சுட்டா. ஆனா நிச்சயம் பண்ண வர்றோம்னவங்க அவ ஊட்டுப் பக்கமே வரலீங்க. நான் அடிச்ச பேருதானுங்களே அது."

பேர்கள் அழிந்துவிடக் கூடாது என்று நான் பத்து நாளுக்கு முன் அவ்வளவு பாடுபட்டேன். பேர்களை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பேரெல்லாம் போயிராதுங்களே என்று அவர் நாலு தடவை கேட்டதில் இதுவும் இருந்திருக்கிறது.

உள்ளதைச் சொன்னேன். இது பூட்டு இல்லை, பிளாப்பியை உருவத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல், மெஷின் போட்டதுமே கேட்கிற மாதிரி பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தேன். அவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். பிளாப்பியைப் பெங்களூர்க்காரனுக்கு என்று மேஜை டிராயரில் போடச் சொன்னேன்.

போடுவதற்கு முன் லேபிளைப் பார்த்தேன். நான் கறுப்பு மையில் எழுதிய 'பூட்' பக்கத்தில், நீல மையில் இன்னொரு எழுத்து. 'டு'.

"நீங்க அவசரத்துல ஒரு எழுத்த உட்டுட்டீங்கண்ணா. நாந்தான் போட்டு வெச்சேன்," என்றார் சரசு.

அதன் பிறகு எத்தனையோ மெஷினில் இரண்டாவது ஓ.எஸ். போட்டிருக்கிறேன். முதல் செக்டாரைத் தொடுவதில்லை என்பது பழைய பாடம். உள்ளே யாருடைய பேர் இருக்கிறது, அதை யார் பார்க்கக் கூடாது என்று பையைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது, சரசு போட்ட அந்த எழுத்து சொல்லிக்கொடுத்தது.