அக்காவின் பத்து ரூபாய் டப்பா

ஆகஸ்ட் முதல் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மூன்று நாளாக விடாமல் பெய்த மழை அந்த நேரத்தில் மட்டும் தூறலாகக் குறைந்திருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறையில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில், என் அக்கா காலமானார். வயது எழுபத்தேழு. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியின் மேல் ஒரு கிண்ணம் கஞ்சி இருந்தது. அதில் ஒரு ஸ்பூன்கூடக் குறையவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர் அந்தக் கிண்ணத்தைக் கவனித்திருக்கிறார்கள். ஏலூரிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா மகன் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "ஊருப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஊட்டின கைடா அது. அவளுக்கு ஒரு வாய் ஊட்ட உனக்குக் கை வரலியா? பட்டினியா போட்ட?" என்று கேட்டார். கூட ஏழு பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. இந்த ஓராண்டில் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இந்த நினைவு மலர் அவருக்கும் போகும்.

அக்கா பிறந்ததும் மட்டாஞ்சேரியில்தான், நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நகராட்சியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் நால்வர். தங்கியது நாங்கள் இருவர். எனக்கு ஆறு வயதும் அக்காவுக்குப் பதினொன்றும் ஆனபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் சில நாட்கள் வாயைத் திறக்கவே இல்லையாம். அப்பா வேலைக்குப் போனதும் அக்கா என்னைச் சுவரோடு சாய்த்து, மூக்கைப் பிடித்து, மூச்சுக்காக நான் வாயைத் திறக்கும்போது கஞ்சியை ஊற்றுவார். இருமி இருமி விழுங்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அக்கா ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார்.

படகுத்துறையில் வேலை பார்த்த அத்தானைத் திருமணம் செய்து பத்தொன்பது வருடம் வாழ்ந்தார். குழந்தை இல்லை. அத்தான் மாரடைப்பில் இறந்த பிறகு, மனைவியை இழந்து தனியாக இருந்த என்னோடு வந்து தங்கினார். நான் மிளகுக் கிட்டங்கியில் முப்பத்தெட்டு வருடம் மூட்டை எண்ணியவன். அக்கா முப்பத்தொரு வருடம் அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தார். அறுபத்திரண்டில் ஓய்வு பெற்ற பிறகும் இளம் தாய்மார்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புகார்: "சேச்சி, இவன் வாயே தொறக்க மாட்டேங்கிறான்."

ஏழு வருடம் இலவசமாகச் சொல்லிக்கொடுத்த பிறகு, தமது அறுபத்தொன்பதாவது வயதில், அக்கா அதையே தொழிலாக்கப் போவதாக அறிவித்தார். குழந்தைக்குச் சாப்பிடப் பழக்கப் பத்து நாள் வகுப்பு, அறுநூறு ரூபாய்.

"பிள்ளை சாப்பிடாததுக்கு யாரு காசு தருவாங்கக்கா?" என்று கேட்டேன்.

"பிள்ளை சாப்பிடாத வீட்டுல நீ ஒரு நாள் இருந்து பாரு. வீட்டையே எழுதித் தருவாங்க."

தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது, உணவு உரிமம் யார் எடுப்பது, ஈரத் தரையில் யாராவது வழுக்கினால் யார் பொறுப்பு என்று எனக்குப் பட்ட பத்தொன்பது கவலைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை மேலிருந்து கீழ் வரை வாசித்தார். மறுநாள் பார்த்தால் அந்தத் தாள் வாழைப்பழத் தட்டுக்கு அடியில் விரிப்பாகக் கிடந்தது. உரிமத்துக்கான விண்ணப்பத்தை மட்டும் நான்தான் பூர்த்தி செய்தேன். வாசலில் மலையாள எழுத்தில் "மாமம்" என்று பலகை வைத்தோம். குழந்தைச் சோற்றுக்கு இங்கே சொல்லும் செல்லப் பேர் அது.

முன்னறையில் பாய் விரித்து நான்கைந்து குழந்தைகளை உட்கார வைப்பார். சின்ன வாழைக்காயை உலர்த்தி இடித்த பொடியில் காய்ச்சிய குறுக்கு என்னும் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், மசித்த மரவள்ளிக் கப்பை, முள் நீக்கிய மீன் என்று தினம் ஒன்று. தாய் தகப்பனும் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் தட்டில் சாப்பிட வேண்டும். குழந்தையின் வாயைப் பார்க்கக் கூடாது. கைபேசி கூடாது. இருபது நிமிடம் கழித்துக் கிண்ணத்தை எடுத்துவிடுவார். உண்டிருந்தாலும் உண்ணாவிட்டாலும் ஒரு வார்த்தை பேசமாட்டார். எடை குறைகிற குழந்தையை முதலில் மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்.

நான் வாசல் பக்கம் நாற்காலி போட்டு, எந்தக் குழந்தை எத்தனை ஸ்பூன் சாப்பிட்டது என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளே நாற்காலியை அடுக்களைக்கு மாற்றிவிட்டார். "எண்ணாதடா. நீ எண்ணுறது உன் முகத்துல தெரியுது. அதைப் பாத்துத்தான் பிள்ளை வாயை மூடுது."

அந்த டப்பா வந்தது இரண்டாவது வாரத்தில். கலூரிலிருந்து ஸ்கூட்டரில் மனைவியோடும் பத்து மாதப் பெண் குழந்தையோடும் ஒரு தகப்பன் வந்துகொண்டிருந்தார். அன்று பொறுமை இழந்து, குழந்தையின் கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி ஸ்பூனை உள்ளே திணித்துவிட்டார். குழந்தை திணறி, குடித்த பாலையும் சேர்த்து அவர் சட்டையில் கக்கியது. அக்கா குழந்தையைத் துடைத்துத் தாயிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், மூடியில் உண்டியல் போலத் துளை போட்ட ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"இனிமே இங்க பிள்ளை வாயை வம்பா தொறக்கிற ஆளு இதுல பத்து ரூபா போடணும். நானானாலும் சரி."

"சில்லறை இல்ல சேச்சி," என்றார் தகப்பன்.

"அப்ப வம்பு பண்ணாத மோனே."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவரும்தான். அதன் பிறகு அக்கா தமது மடியிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து முதல் ஆளாக டப்பாவில் போட்டார். அவர் யாரையும் வம்பு செய்து நான் பார்த்ததில்லை. எதற்கு என்று கேட்டேன்.

"உனக்குத்தான்டா. மூக்கைப் பிடிச்சு கஞ்சி ஊத்தினேன்ல."

டப்பா நிறையும்போதெல்லாம் அந்தப் பணத்துக்குப் பழம் வாங்கிப் பழைய அங்கன்வாடிக்குக் கொடுப்பார். எட்டு வருடத்தில் அது பதினோரு முறை நிறைந்தது. போகப் போக நிறைவதற்கு அதிக நாளானது என்பதில் அக்காவுக்குப் பெருமை. பக்கத்து வீட்டு சபீனா, வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பத்துப் பெண், பிஸ்கட்டைத் தவிர எதையும் தொடாத இரண்டு வயது மகளோடு வந்தவர், பிறகு அக்காவோடு சேர்ந்து தொழிலையே கற்றுக்கொண்டார்.

சென்ற ஆண்டு ஜூன் பத்தொன்பதாம் தேதி மொட்டைமாடியில் வாழைக்காய் உலர்ந்துகொண்டிருந்தது. மழைக்கு இன்னும் இருபது நிமிடமாவது இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். ஏழாவது நிமிடத்தில் மழை வந்தது. காயை அள்ள ஓடிய அக்கா மாடியிலேயே விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்ததால்தான் விழுந்தார், விழுந்ததால் அடைக்கவில்லை என்றார் மருத்துவர். மூன்று முறை கேட்டு அதை உறுதி செய்துகொண்டேன்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பேச்சு போய்விட்டது, வலது கையும் காலும் போய்விட்டன. புத்தி தெளிவாக இருந்தது. மூக்கில் வைத்த குழாயை இடது கையால் இருமுறை பிடுங்கிப் போட்டார். மறுபடி வைக்கலாமா என்று மருத்துவர் கேட்டபோது தெளிவாகத் தலையை அசைத்து வேண்டாம் என்றார். நிமிர்த்தி உட்காரவைத்துக் கெட்டியான கஞ்சியைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள், வேளைக்குப் பதினைந்து ஸ்பூனாவது போகட்டும், ஆனால் திணிக்காதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதில் பதினைந்து என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

முதல் பதினொரு நாள் அக்கா சாப்பிட்டார். பதினான்கு, பதினாறு, ஒருநாள் பதினெட்டு. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் நான்காவது ஸ்பூனில் வாயை மூடிக்கொண்டார். கெஞ்சினேன். காக்கா காட்டினேன். கைபேசியில் படம் போட்டுக் காட்டினேன். அக்காவுக்கு! அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி ஸ்பூனை உள்ளே வைத்துவிட்டேன். பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. அக்கா இருமி முடித்ததும் இடது கையை மெல்லத் தூக்கி அலமாரியைக் காட்டினார். டப்பா அங்கேதான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்துப் போட்டேன்.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் புரிந்துகொண்டது வேறு. பத்து ரூபாய் போட்டால் ஒரு ஸ்பூன் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை மளிகைக் கடைக்குப் போய் ஐந்நூறு ரூபாயைப் பத்துப் பத்தாக மாற்றிக்கொண்டு வந்தேன், ஐம்பது தாள். அதன் பிறகு பணத்தை முதலில் போட்டுவிடுவேன், அக்காவுக்குத் தெரியும்படி. பிறகு கன்னத்தில் கை வைப்பேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று, சில நாள் நான்கு. அக்கா தலையைத் திருப்பிச் சுவரைப் பார்ப்பார். டப்பாவைக் காட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

இருபத்தாறாம் நாள் சபீனா மீன் குழம்பு கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் அப்போதுதான் பத்து ரூபாயைப் போட்டிருந்தேன்.

"சேட்டா, என்ன பண்றீங்க?"

"போட்டுட்டேன்மா. காசு போட்டுட்டுத்தான் குடுக்கிறேன்."

"முன்னாடியே காசக் குடுத்துட்டு ஏறுறதுக்கு இது என்ன ரயிலா?"

சபீனா குழம்பைத் தரையில் வைத்துவிட்டு என் கையிலிருந்த ஸ்பூனை வாங்கினார். "சேச்சியப் பாருங்க. மூஞ்சியப் பாருங்க சேட்டா, வாயப் பாக்காதீங்க." பார்த்தேன். பதினைந்து நாளில் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. கண்ணில் பயம் தெரிந்தது. என்னைக் கண்டுதான் அந்தப் பயம்.

"சாப்பிடலைன்னா போயிடுவாளேம்மா," என்றேன்.

"அது எனக்கும் தெரியும் சேட்டா," என்றார் சபீனா.

மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டோம். மீண்டும் குழாய் வைக்கச் சம்மதிக்கிறாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அக்கா தலையை அசைத்தார். அதே பழைய அசைவு. அப்படியானால் அவர் விருப்பப்படி விடுங்கள், வாயை மட்டும் ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்றிலிருந்து அக்காவின் முறைப்படி செய்தேன். கஞ்சிக் கிண்ணத்தை அவருடைய இடது கைக்கு எட்டும்படி முக்காலியில் வைத்தேன். பக்கத்தில் என் தட்டை வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சாப்பிட்டேன். பெரியவர் தம் தட்டில் சாப்பிட்டால்தான் பிள்ளை சாப்பிடும் என்பது அக்காவின் பாடம். இரண்டாம் நாள் ஸ்பூன் கிண்ணத்தில் உரசும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. மறுபடியும் ஒருமுறை கேட்டது. இருபது நிமிடம் ஆனதும் கிண்ணத்தை எடுத்தேன். எவ்வளவு குறைந்திருந்தது என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. அன்று மாலை அக்கா தமது இடது கையை என் தலையில் வைத்துச் சிறிது நேரம் அப்படியே இருந்தார்.

அதற்குப் பிறகு ஸ்பூன் சத்தம் கேட்கவில்லை. ஆறு நாள், வேளைக்கு ஒரு கிண்ணமாக வைத்து வைத்து எடுத்தேன். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தேன். வேறெதுவும் என் கையில் இல்லை. ஏழாம் நாள் விடியலில் வைத்த கிண்ணத்தைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

மூக்கைப் பிடித்து ஊற்றிய கஞ்சிதான் ஆறு வயதில் என்னைக் காப்பாற்றியதா, அது இல்லாமலும் நான் பிழைத்திருப்பேனா என்று தெரியாது. தெரிந்திருந்தால் அக்கா விஷயத்தில் எது சரியென்று சொல்லியிருப்பேன். நான் நிறுத்தியதால் அக்கா போனாரா, நிறுத்தாமலிருந்தாலும் போயிருப்பாரா? மருத்துவர் இரண்டாவதுதான் என்கிறார். அதையும் அவரிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். சித்தப்பா மகனே, பட்டினி போட்டாயா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. வம்பு செய்தாயா என்று கேட்டிருந்தால், ஆம், செய்தேன் என்று சொல்லியிருப்பேன்.

அக்காவைக் குளிப்பாட்டி உடை மாற்ற தினமும் வந்த சபீனாவுக்கும், வாரம் இருமுறை வீட்டுக்கே வந்து பார்த்த நர்ஸ் அம்மாவுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் நான் கடமைப்பட்டவன். சுடுகாட்டில் மழைக்குக் குடை பிடித்து நின்றவர்களில் கலூர்த் தகப்பனும் ஒருவர். பள்ளிக்கூடம் போகும் அந்தப் பெண் குழந்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர்களுக்கும் நன்றி. "மாமம்" பலகையை இப்போது சபீனா தமது வாசலில் வைத்திருக்கிறார். வகுப்பு நடக்கிறது. என்னை உள்ளே விடுகிறார்; அடுக்களை நாற்காலி வரைக்கும்.

ஆண்டு நினைவு நாளுக்கு முன்தினம் டப்பாவைத் திறந்து அங்கன்வாடிக்குப் பழம் வாங்கினோம். மற்றவர்கள் போட்டது எவ்வளவு என்று எண்ணவில்லை. என்னுடையதை எண்ண வேண்டிய அவசியமே இல்லை. சட்டைப் பையிலிருந்து போட்டது ஒன்று. கடையில் மாற்றிய ஐம்பது தாளில் பத்து மேசை இழுப்பறையில் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆக, நான் போட்டது நாற்பத்தொரு தாள், நானூற்றுப் பத்து ரூபாய்.