என் மகள் கல்யாணமும் சகலையின் வழுக்கையும்

நான் சொல்லப் போவதை ஒருவரும் நம்ப மாட்டீர்கள் என்று முதலிலேயே சத்தியம் செய்கிறேன்.

மின்கட்டணப் பாக்கி என்று மெயிலில் வந்த ஒரு ஃபைலைத் திறந்தேன். கல்வராயன் மலையே உருண்டு வந்து என் கம்ப்யூட்டர்மேல் உட்கார்ந்ததுபோல எல்லாம் பூட்டிக்கொண்டது. உள்ளே மகள் கல்யாணப் படங்கள்.

இன்று அதைக் கள்ளக்குறிச்சி கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரம்மா பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் புதுசா போடணும்ண்ணே. காப்பி வச்சிகினு இருக்கீங்களா?" என்றார்.

"இல்லாமலா! பென்டிரைவ்ல கீதும்மா."

"எங்க?"

"இதோ, சொருகினபடியே. ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சதுலருந்து கழட்டுனதே இல்ல."

"அப்ப வைரஸ் அதையும் பூட்டிட்டிருக்கும்ண்ணே."

பக்கத்து ஸ்டூலில் என் சகலை. நான் அனுப்பிவைத்த அதே ஃபைலைத் திறந்து மாட்டியவர். ஆனால் காப்பியை பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாராம். புது விண்டோஸ் போட்டு அந்தக் காப்பியைச் சொருகியதும் அவர் படங்கள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. என் வயிற்றெரிச்சலின் புகை சங்கராபுரம் வரை தெரிந்து, அங்கிருந்து தீயணைப்பு வண்டியே கிளம்பியது.

"இன்னா சகல, உம் பொண்ணு கல்யாணம் எங்கிட்ட கீது. வாயத் தொறந்து கேளு, தரேன்."

கேட்டேன். மகளுக்காகக் கேட்டேன்.

எல்லாம் அவர் எடுத்த செல்ஃபி. தாலி கட்டும் நேரத்தில்கூட முன்னால் அவர் வழுக்கை, ஓரத்தில் என் ஒற்றைக் காது.

மேலே சொன்னதில் பாக்கியெல்லாம் நான் ஊதிப் பெருக்கியது. அந்தக் காது மட்டும் நிஜம். கல்யாணத்துக்கு வந்தவர்களே, நான் முழுசாக இருக்கிற படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.