சோக் குமிழில் கட்டிய கயிறுகள்

அப்பாவின் பழைய காருக்குப் பொல்யூஷன் சர்டிபிகேட் தர மறுத்துவிட்டார்கள் என்றதும் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். அது இல்லாமல் ஆர்.சி. புதுப்பிக்க முடியாது. ஆர்.சி. இல்லையென்றால் வண்டியை எடைக்குப் போட வேண்டியதுதான். எண்பதை நெருங்கும் மனுஷன் உப்பு லாரிகளுக்கு நடுவே ஓட்டியது போதும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருந்தது. ஆனால் ஃபெயில் என்று போட்ட தாளைப் பிடித்துக்கொண்டு அவர் பெட்ரோல் பங்கில் நின்றதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் இருக்கும் மெக்கானிக்கிடம் நானே கூட்டிப் போனேன்.

"ஓட்டத்துல தெரியாதும்மா. ஐட்லிங்ல நிக்கும்போதுதான் குட்டு வெளிப்படுது. காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி" என்றார் மெக்கானிக். பிளக்கைக் கழற்றிக் காட்டினார். விறகடுப்புச் சட்டியின் அடிபோல் கரி. ஏர் ஃபில்டரை மாற்றினார், கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகினார். பக்கத்துப் பங்கில் மறுபடி சோதித்தோம். மறுபடி ஃபெயில். மெக்கானிக்குக்கே பாடம் எடுக்கும் அப்பா அன்றைக்கு ஃபெயில் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து கார்புரேட்டரின் வாயை எட்டிப் பார்த்த மெக்கானிக், "இந்தத் தகடு நேரா நிக்கணும். சாஞ்சு நின்னு காத்த மறிக்கி. சோக் முழுசா உள்ள போவலம்மா" என்றார்.

சோக்கா? குளிரில் வண்டி கிளம்பாவிட்டால் டாஷ்போர்டில் இழுக்கும் குமிழ் அது. மார்கழியிலும் வியர்க்கும் தூத்துக்குடியில் அந்தக் குமிழை இழுத்து வண்டி கிளப்பியவர் யார்? எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை. அதனால்தான் அம்மா அதைத் தனக்கென்று பிடித்துக்கொண்டாள்.

சின்ன வயதில் மாதம் ஒருமுறை திருச்செந்தூர் போவோம். அம்மாவும் நானும் உள்ளே. அப்பா வெளியே, காரில். "சட்டையக் கழத்திட்டு வரிசைல நிக்க என்னால ஆவாது" என்று கதவைத் திறந்துபோட்டுப் பேப்பர் படிப்பார். அம்மா இலை விபூதியோடு ஒரு கறுப்புக் கயிறும் வாங்கி வருவாள். ரியர்வியூ கண்ணாடியில் கட்டப்போனால், "ரோட்ட மறைக்கும், அங்கன கட்டாத" என்று அப்பா கத்துவார். கையைத் தாழ்த்திச் சோக் குமிழின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போடுவாள். "இந்தக் கயிறா வண்டிய ஓட்டுது?" என்று அவர் கேலி செய்ய, கடல்காற்று முகத்தில் அடிக்க, வழியெல்லாம் சண்டையும் சிரிப்புமாக வீடு வருவோம். அந்தப் பின்சீட்டுக்கு இப்போதும் ஏங்குகிறேன்.

இப்போது குனிந்து பார்த்தால், குமிழைச் சுற்றிக் கயிறு பந்தாகத் திரண்டிருந்தது. அந்தப் பந்துதான் குமிழை உள்ளே போகவிடாமல் தடுத்தது. மெக்கானிக் பிளேடை எடுத்தார்.

"வெட்டிராதிய!" என்று அப்பா போட்ட சத்தத்தில் அவர் பிளேடைக் கீழே வைத்துவிட்டார்.

நான் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். மேலே இருந்த கயிறுகள் கறுப்பு மங்காமல் புதிதாக இருந்தன. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. "ஓட்டாம வச்சா பேட்டரி இறங்கிரும்ளா" என்று மாதாமாதம் அப்பா தனியாகக் கிளம்பிப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நீங்களாப்பா கட்டுனிய?"

பானெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ கட்டிக்கிட்டே இருந்தா. திடீர்னு நிறுத்த முடியுமா?"

"சட்டையக் கழத்துனியளா?"

"கழத்தாம உள்ள விடுவானா?"

எனக்கு அழுகை வந்தது. மெக்கானிக் நிற்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை. இந்தக் காரைத்தானே எடைக்குப் போட நினைத்தோம் என்று என்மேலேயே கோபம் வந்தது.

கடைசிக் கயிறும் அவிழ்ந்ததும் குமிழ் சொல்பேச்சு கேட்டு உள்ளே போனது. மெக்கானிக் ஸ்க்ரூவைப் பழையபடி சரிசெய்து கொடுத்தார். பங்கில் வண்டி பாஸ்.

கயிறுகளை மடியில் வைத்திருந்த அப்பா எல்லாவற்றையும் சேர்த்து ரியர்வியூ கண்ணாடியில் கட்டினார். கொத்தாகத் தொங்கியது.

"ரோட்ட மறைக்காதாப்பா?"

"மறைக்கும்" என்றார். இத்தனை வருஷத்தில் யாரிடமும் கொடுக்காத சாவியை என் பக்கம் நீட்டினார். "நீ ஓட்டுளா."