வெட்டுத் துண்டு ஷெட்டில் இரண்டாவது ஆள்

சிங்காநல்லூரைத் தாண்டி இருக்கும் எங்கள் கம்பெனியில், கார்பன் நாரையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து அழுத்திய தகடுகளிலிருந்து பாகங்கள் வெட்டுகிறார்கள். மிஞ்சும் கறுப்புத் துண்டுகள் என் ஷெட்டுக்கு வரும். ஒட்டியிருக்கும் டேப்பை உரித்து, பிளாஸ்டிக் ரகம் கலக்காமல் பிரித்து, அரவை மெஷினில் போட்டுச் சில்லுகளாக்குவது என் வேலை. அந்தச் சில்லை உருக்கி மறுபடியும் பாகம் வார்ப்பார்கள். கார்பன் தூசு மின்சாரத்தைக் கடத்தும். மற்ற மெஷின்களின் பேனலுக்குள் போனால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் என் ஷெட் மட்டும் காம்பவுண்டின் கடைசியில் இருக்கிறது. நாலாம் வகுப்போடு நின்ற, பேசக் கூச்சப்படும் எனக்கு அந்தத் தனிமை வசதி என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருடம் துண்டுகள் அதிகமாகி, அந்தியூர்க்காரர் ஒருவரைத் துணைக்குப் போட்டார்கள். என் வயதுதான். மெஷின் ஓடும்போது எதுவும் கேட்காது. டேப் உரிக்கும்போதுதான் பேச்சு, அதுவும் முழுக்க அவருடையது. சந்தையில் குதிரை வாங்கப் போய், அதனிடம் தோளில் கடி வாங்கித் திரும்பிய மச்சானைப் பற்றிச் சொல்வார். நான் மாஸ்க்குக்குள்ளேயே சிரிப்பேன்.

ஒருநாள், "ஏனுங்க, நாஞ் சொல்றது கேக்குதுங்களா, இல்ல செவுத்துகிட்ட பேசிட்டிருக்கறனா?" என்றார்.

"கேக்குதுங்க" என்றேன். அதற்கே அவர் மயங்கி விழப்போவது போல் நடித்தார்.

வீட்டில் எனக்கு யாரும் இல்லை. விடிந்ததும் ஷெட்டுக்குப் போகவேண்டும் என்று அப்போதுதான் தோன்ற ஆரம்பித்தது.

தகடு அழுத்தும் பிரஸ் பக்கம் ஆள் குறைந்தபோது, ஒருநாள் காலையில் சூப்பர்வைசர் வந்தார். அந்தியூர்க்காரரை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"இவரை அங்க எடுத்துக்கலாமுங்களா? ஒருத்தரே சமாளிச்சுக்குவீங்களா? முடியாதுன்னா சொல்லிப்போடுங்க, வேற ஆளப் பாக்கறேன்."

முடியாது என்று சொன்னால் போதும். "பாத்துக்கலாமுங்க" என்றேன். யார் எது கேட்டாலும் என் வாயில் வருவது அதுதான்.

சாயங்காலம் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். தேய்த்தால் நார்த் துணுக்கு தோலில் ஏறிவிடும். தண்ணீரை ஓடவிட்டுத்தான் கழுவ வேண்டும். அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நான் இருந்தது தொந்தரவுங்களா?"

"இல்லீங்க. நீங்க இருந்தா நல்லாருக்குமுங்க."

அவர் குழாயை மூடினார். "இதைக் காலைல சொல்லியிருக்கோணுமுங்க. வேண்டாங்கறீங்களாட்ட இருக்குதுன்னு நானும் பிரஸ்ஸுக்கு வாரேன்னு அவருகிட்ட சொல்லிப்போட்டனே."

அவர் பிரஸ்ஸுக்குப் போய்விட்டார். மதியத்தில் சாப்பாட்டு இடத்திலிருந்து அவர் சிரிப்பு கேட்கும். உடுப்பெல்லாம் தூசாக இருப்பதால் நான் அங்கே உட்காருவதில்லை. இப்போதெல்லாம் டேப்பைக் கொஞ்சம் உரித்ததுமே மெஷினைப் போட்டுவிடுகிறேன். அது ஓடினால் எதுவும் கேட்காது.