பிளாஸ்டர் சிலை செய்த மதியழகன் அண்ணன்

மதியழகன் அண்ணன் போய்விட்டார். அரியலூர் பக்கம் அவருடைய சொந்த ஊரில், நேற்று மதியம்.

காலையில் டூட்டி பஸ்ஸில் இருக்கும்போது அவருடைய தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். 'நுரையீரல்' என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அழுகை வரவில்லை... முதலில் வந்தது பயம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவரைத் தெரியாதவர்களுக்காக... ராஸ் அல் கைமாவில் ஒரு செராமிக் ஃபேக்டரியில் ஒன்பது வருடம் நானும் அவரும் ஒரே செக்‌ஷன், ஒரே ரூம். வாஷ்பேசினுக்குப் பிளாஸ்டர் மோல்டு செய்வதும், காய்ந்த பேசினைத் தேய்த்து வழவழப்பாக்குவதும் எங்கள் வேலை. நாள் முழுக்க வெள்ளைத் தூசி.

மாஸ்க் கொடுப்பார்கள். வெக்கை தாங்காமல் நாங்கள்தான் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொள்வோம்.

அண்ணனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அந்தக் காலத்து ஹாலிவுட் விருது விழா. யூடியூபில் கருப்பு வெள்ளையில் துண்டு துண்டாகக் கிடக்கும்... கோட் போட்டவர்கள் மேஜை மேஜையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், ஒருவர் மைக் முன்னால் நின்று கவரைப் பிரிப்பார். அண்ணனுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனாலும் அந்த மைக்காரர் கவரைப் பிரிக்கும்போது எங்கள் ரூமில் யாரும் பேசக்கூடாது.

ஒருநாள் போனில் எதையோ படித்துவிட்டுக் கட்டிலில் இருந்து குதித்து இறங்கினார். யுத்த காலத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்து, அந்த விருதுச் சிலையையே பிளாஸ்டரில் செய்து பெயின்ட் அடித்துக் கொடுத்தார்களாம்.

"டேய், அது நம்ம சரக்குடா!"

அதற்கப்புறம் ஆளைப் பிடிக்க முடியுமா? கையில் வாளியோடு நிற்கிற மாதிரி ஓர் ஆள், ஒரு ஜாண் உயரம். மிச்சம் மீதிப் பிளாஸ்டரில் வார்த்து, தங்கக் கலர் ஸ்பிரே அடித்து வரிசையாக ஜன்னலில் காயவைத்தார்.

வருடத்துக்கு ஒருமுறை, லீவ் நாளில், கேம்ப் மெஸ்ஸில் விழா. மேஜைக்கெல்லாம் பெட்ஷீட் விரித்து, இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு அண்ணனே மைக் பிடிப்பார்.

சிறந்த நடிகர் யார் தெரியுமா? அந்த வருடம் சூப்பர்வைசர் முன்னால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்து சிக் லீவ் வாங்கியவன். போட்டி பலமாக இருக்கும். ஒரு வருடம் எனக்கும் கிடைத்தது, பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

யுத்தம் முடிந்ததும் அங்கே பிளாஸ்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டு நிஜமான சிலையைக் கொடுத்தார்களாம். "நமக்கு மாத்திக் குடுக்க ஆளில்ல. கீழ போட்டு ஒடைக்காம வெச்சுக்கங்கப்பா" என்பார்.

போன வருட விழாவில்தான்... கவரைப் பிரித்துப் பெயரைப் படிக்க வாயைத் திறந்தார். இருமல் வந்தது. நிற்கவே இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

நான் ஓடிப்போய் ஸ்பீக்கரில் பாட்டைச் சத்தமாக வைத்தேன். எல்லோரும் காமெடி என்று நினைத்துக் கைதட்டினார்கள். 'அச்சா ஆக்டிங், பாய்' என்று யாரோ விசிலடித்தார்கள்.

மெஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். மூச்சு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிராத. விசா மெடிக்கலுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. பொண்ணு காலேஜ்ல சேந்து ஒரு வருஷம்கூட ஆவல."

இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். விசா புதுப்பிக்கப் போனால் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் ஏதாவது தெரிந்தால் கலாஸ், அதோடு முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்பது கேம்ப் பேச்சு. அது நிஜமா, பொய்யா என்று போய்க் கேட்க எங்கள் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இழுத்துக்கொண்டாவது டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை... அவர் கேட்டுக்கொண்டதற்காக மட்டும் இல்லை. அவருக்கு வந்தது தூசியால்தான் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டால் அடுத்தது நான்தானே. அந்தப் பயம்.

அப்புறம்தான் கவனித்தேன். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று போனைப் பார்ப்பார். ஒருநாள் பின்னாலேயே ஏறிப் போய் எட்டிப் பார்த்தேன். ஸ்கிரீன் அணைந்திருந்தது.

மெடிக்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவரே விசா கேன்சலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஏர்போர்ட் வண்டியில் ஏறும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ வெளிய ஒரு எக்ஸ்ரே எடுத்துருடா. என்னய மாதிரி நாள எண்ணிக்கிட்டுக் கெடக்காத."

நான் சிரித்தேன். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறேன் என்றேன்.

ஏழு மாதம் ஆகிறது. எடுக்கவில்லை.

கடைசி ஒரு மாதம் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினாராம். தம்பி எழுதியிருந்தார். நான் இரண்டு வாரமாக மூன்று தலையணை வைத்துப் படுக்கிறேன். படியில் போனைப் பார்க்கிறேன்.

இன்னும் பதினாறு நாளில் எனக்கு விசா மெடிக்கல்.

என் மனைவி கவிதாவுக்கு... நீ இதைப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. நீ கேட்டபோதெல்லாம் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேனே, அந்த இருமல் ஏசியால் வந்தது இல்லை. நாலு மாதமாக இருக்கிறது. போன் பண்ணித் திட்டு. அழ மட்டும் செய்யாதே, என்னால் தாங்க முடியாது.

நாளைக்கு அரை நாள் லீவ் சொல்லிவிட்டேன். டவுனில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே. தனியாகத்தான் போகிறேன்.

போயிட்டு வாங்கண்ணே.